மரக்கறிப் பானைக்கு முன்னால் கையை நீட்டுங்கள்

எனக்கு எழுபத்தொரு வயது. வயிற்றில் சுமந்து வளர்த்தது நாலு பேர். கரண்டி பிடித்து வளர்த்தவர்களையும் சேர்த்தால் கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் பல தடவை மடக்க வேண்டும். பல்லேகலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கன்டீன் குசினியில் இருபத்திரண்டு வருஷம் நின்றேன். கடைசி ஒன்பது வருஷம் மரக்கறிப் பானை முழுக்க என் பொறுப்பு. அதைப் பற்றிப் பேசினால் எனக்குப் பெருமை வரும். வந்தால் வரட்டும். பெருமை வந்தால் என் வலது கை தானாக மூக்குத்திக்குப் போய் அதைத் திருகும். இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டிவரும்.

அந்தக் குசினிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு மனக்குறை என்று கேள்விப்பட்டேன். மரக்கறிச் சாப்பாட்டுக்கு வரும் பெண்கள் தட்டை நீட்டுவதற்கு முதல் "கையை நீட்டுங்க" என்கிறார்களாம். நீட்டினால் விரல்களை மோந்து பார்க்கிறார்களாம். "நாங்க என்ன கை கழுவாதவங்களா?" என்று உங்களில் ஒருத்தி ஏப்ரனைக் கழற்றி மேசையில் அடித்தாளாம். அங்கிருந்து ஒருத்தி என் வீட்டுக்கு வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னாள். "நீங்களே வெளக்கிச் சொல்லுங்க காளிம்மா, நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள். அவள் யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பானை வருவதற்கு முதல் அங்கே மீன், இறைச்சி தொடாத மரக்கறிக்காரர் பதினொரு பேர். மற்றவர்கள் முந்நூறு பேர். பதினொரு பேருக்கும் தனிப் பானை கிடையாது. நம்முடைய ஊரில் மரக்கறி சமைப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறதே, அதுதான் காரணம். பருப்பைத் தாளித்தால் மாசி. கீரையைச் சுண்டினால் மாசி. தேங்காய்ச் சம்பலில் மாசி இல்லாவிட்டால் கண்டியில் பாதிப் பேர் அதைச் சம்பல் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டை மாதிரிக் காய்ந்த மீனை இடித்துத் தூவிவிட்டால் அது மீன் இல்லை, மிளகு சீரகத்துக்கு அண்ணன் தம்பி என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. "மரக்கறிதான் அக்கே, கொஞ்சூண்டு மாசி மட்டும்" என்று அன்பாகப் பரிமாறுவார்கள். எதில் மீன் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாமல் பதினொரு பேரும் பயந்துபோய்ப் பேக்கரிப் பாணுக்கும் சீஸுக்கும் தஞ்சம் புகுந்துவிட்டார்கள்.

கால் றாத்தல் பாண், வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணச் சீஸ் ஒன்று. காலையிலும் அது, மத்தியானமும் அது. வெள்ளித்தாளை நகத்தால் நீவி, நட்சத்திரமாக மடித்து மெசினில் ஒட்டிவைப்பார்கள். மூன்றாம் லைன் வருஷம் முழுக்க வெசாக் விளக்குக் கூடு மாதிரி மினுங்கும். பொதி கட்டும் பகுதியில் குசும் என்று ஒரு பெரிய மனுசி. சிங்களம் பேசுகிறவள், ஆனால் கேலி பண்ணுவதற்கென்றே தமிழ் படித்தவள். அவள்தான் இவர்களுக்குப் 'பாண் கோஷ்டி' என்று பெயர் வைத்தாள்.

என் தலைமைச் சமையற்காரர் மடவளையிலிருந்து பஸ்ஸில் வருவார். எல்லாரும் நானா என்போம். நான் பானையைத் துடைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் என்னைத் தட்டுக் கழுவும் பைப்படிக்குக் கூட்டிப்போனார்.

"தங்கச்சி, போற பானைய பாக்காதீங்க. திரும்பி வாற தட்டப் பாருங்க. சமையல் அதுலதான் ஈக்கிது."

பார்த்தேன். "பாண் கோஷ்டியோட தட்டு சுத்தமாத்தான் வருது நானா. ஒரு துகள் இல்ல."

"தட்டு சுத்தம். தட்ட கொண்டு வாற புள்ளைகள்ட மூஞ்சியப் பாத்தீங்களா? சுண்ணாம்பு மாதிரி ஈக்கிது. அப்ப தட்டு பொய் சொல்லுது."

அந்த வாரமே மேகலா மெசினில் சாய்ந்தாள்.

மேகலாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "அம்மா எழும்பி நடந்தா வாழ்நாள் பூரா மீன், எறச்சி, முட்டை தொட மாட்டேன்" என்று மாரியம்மனுக்குச் சொல்லிவிட்டாள். அம்மா எழும்பி நடந்தாள். சொன்ன சொல்லில் பிள்ளையும் நின்றாள். ஆனால் வீட்டில் கருவாட்டுக் குழம்பு தின்று வளர்ந்தவளுக்கு, மீனை விட்ட பிறகு என்ன சாப்பிடுவது என்று யார் சொல்லிக்கொடுத்தது? விட்ட இடத்தைப் பாணாலும் சீஸாலும் அடைத்துக்கொண்டாள்.

ஒரே மாதத்தில் இரண்டு தரம் விழுந்தாள். டாக்டர் ரத்தம் பார்த்தார். பன்னிரண்டு இருக்க வேண்டியது ஒன்பதுதான் என்றார். இரும்பு மாத்திரை எழுதினார். "மீன் சாப்பிடு, ஈரல் சாப்பிடு" என்றும் சொன்னார். மேகலா மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

நலன்புரி அலுவலர் யாழ்ப்பாணத்து மிஸ். பிறந்ததிலிருந்து சைவம். போர்டிங் அறையில் தனியாக இருந்ததால் அவருடைய மேசை லாச்சியிலும் ஒரு பெட்டி முக்கோணச் சீஸ் இருந்தது. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"மெசினில விழுந்து ஊசிக்குள்ள கையைக் குடுத்தாளெண்டால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார் மிஸ். "வீட்டை அனுப்பத்தான் வேணும்."

மேகலா சாம்பிள் மெசினில் இருந்தவள். ஒரு படத்தைக் காட்டினால் அதைச் சட்டையாக்கித் தருகிறவர்கள்தான் அந்த மெசினில் உட்காரலாம். வீட்டுக்குப் போனால் அந்த இடம் அன்றைக்கே வேறு ஒருத்திக்கு. "போனா திரும்பி வர முடியாது மிஸ். மலையில கூடை மாட்டித்தான் நிக்கணும்" என்று முதல் தடவையாக அழுதாள்.

நான் தேத்தண்ணி கொடுக்கப் போனவள். எனக்கு அந்தப் பேச்சில் ஒரு வேலையும் இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே!

"ரெண்டு மாசம் எங்கையில விடுங்க மிஸ். மீனும் வேணாம், முட்டையும் வேணாம். மாத்திரையும் என் சாப்பாடும் போதும். இந்தப் பிள்ளைய இரும்பாக்கிக் காட்டுறேன்." கை மூக்குத்தியைத் திருகியது.

மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி காளியம்மா. மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாப்பம். ரெண்டாந்தரமும் ஏறேல்லை எண்டால் என்னைக் குறை சொல்லப்படாது."

வெளியே வந்ததும் மேகலா என் சேலையைப் பிடித்தாள். "காளிம்மா, நெசமாவே ஏறுமா?"

"ஏறாம எங்க போகும்?" என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

பிள்ளைகளே, தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிவிட்டால் உடனே செய்யத் தோன்றுவது ஒன்றுதான்: அளவுக்கு மேலே செய்வது. நானும் அதையே செய்தேன். தனிப் பானை ஒன்று வாங்கிக்கொண்டேன், அதில் சோக்கட்டியால் ஓர் இலை வரைந்தேன். சத்து என்றால் தானியம், தானியம் என்றால் கௌப்பி என்று முடிவு கட்டினேன். காலையில் கௌப்பி, மத்தியானம் கொண்டைக்கடலை, நாலு மணிக்கு அவித்த பயறு. மூன்று நாள். நாலாம் நாள் மூன்றாம் லைனில் மின்விசிறிக்குச் சண்டை. ஒவ்வொருத்தியும் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அடுத்தவளைப் பார்த்து முறைக்கிறாள். பொதி கட்டும் பகுதியிலிருந்து குசும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அனே அக்கே! உங்க புள்ளைகள் மெசின் சத்தத்தையும் மிஞ்சிட்டாங்க!"

பதினொரு பேரும் மேசைக்கடியில் புகுந்து சிரித்தார்கள். எனக்கு அவமானம், அதற்கு மேலே சிரிப்பு. அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். பிள்ளைகளின் வயிறு, நான் மூட்டை அடுக்குகிற ஸ்டோர் இல்லையே!

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு தானியம், ஒரு கைப்பிடி. இரவே ஊறவைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு வேகவைத்தேன். சிவப்பரிசிச் சோறு. பொன்னாங்கண்ணியோ வல்லாரையோ முருங்கையிலையோ, ஏதோ ஒரு பச்சை தினமும். அதன் மேல் எலுமிச்சை பிழியாமல் தட்டு என் கையை விட்டுப் போகாது. மஞ்சளாக ஒன்று, பூசணியோ கரட்டோ. பலாக்கொட்டைக் காலத்தில் பலாக்கொட்டையைத் தட்டிப் பால்கறி. தயிர் ஒரு கரண்டி. மீனும் முட்டையும் விட்டவள் தயிரை விடக் கூடாது. சில நாள் குரக்கன் ரொட்டி, கூடவே எள்ளுருண்டை. பாண் தின்றவர்கள் அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது என்பார்கள். இதைத் தின்றவர்கள் நாலு மணி பெல் அடிக்கும்வரை ஏப்பம் விட்டார்கள். மெசினில் வெள்ளித்தாள் நட்சத்திரங்கள் பெருகுவது நின்றது. இரண்டாம் வாரம் யாழ்ப்பாணத்து மிஸ் ஒரு கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குசினிக்குள் வந்தார்.

"காளியம்மா, பரிசோதிச்சுப் பாக்கத்தான். கொஞ்சமாப் போடுங்கோ."

"லாச்சியில சீஸ் முடிஞ்சிதா மிஸ்?" என்றேன். முகம் தக்காளிப்பழம் மாதிரி ஆயிற்று. அன்றிலிருந்து பன்னிரண்டு பேர்.

நான் தரையில் நடக்கவில்லை. முதல் மாதம் முடிந்து ரத்தம் பார்க்கிற நாளில் நானே மேகலாவைக் கூட்டிக்கொண்டு மருந்தறைக்குப் போனேன், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

ஏறவில்லை. அதே ஒன்பது. ஒரு முடி கீழே என்றுகூடச் சொன்னார்கள்.

மேகலா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மருந்தறைத் தாதி மட்டும் அவசரப்படாமல் ஒரு கேள்வி கேட்டாள். "மாத்திரைய எதோட குடிக்கிறே?"

"காளிம்மா தர்ற பிளேன்டீயோட."

"சாப்பாட்டோட?"

"அதுக்கும் பிளேன்டீ. தட்ட முடிச்சா காளிம்மா பெரிய கப்ல தருவாங்க. நல்ல சாயம்."

ஆமாம், தந்தேன். தட்டைக் காலி பண்ணினால் சீனி தூக்கலாக, கறுத்த சாயத்தில் ஒரு குவளை. அது என் பாராட்டு. தாதி தலையில் அடித்துக்கொண்டாள். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேயிலைச் சாயம் உள்ளே போனால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராதாம். வந்த வழியே போய்விடுமாம்.

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "நாலு தலைமுறையா அந்தத் தேயிலையிலதான் நாங்க நிக்கிறோம். எங்கம்மா, எங்கம்மாவோட அம்மா எல்லாரும் சோத்தோட சாயம் குடிச்சவங்கதான். என்னா ஆயிருச்சு?"

"உங்க அம்மாவுக்கு யாராவது ரத்தம் பாத்தாங்களா?" என்று தாதி கேட்டாள்.

அம்மா மலை ஏறும்போது நாலு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவாள். மலைதான் செங்குத்து என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மறுநாள் முதல் சாப்பாட்டு நேரத்தில் தேத்தண்ணிக் கேத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணீர். சாப்பாட்டுக்குப் பிறகு கொய்யாவோ நெல்லியோ. சாயம் வேண்டுமானால் நாலு மணிக்கு. பன்னிரண்டு பேரும் மூன்று நாள் தலைவலி என்று முனகினார்கள். சாவி என் இடுப்பில் இருந்தது. ஒருத்தியும் கிட்ட வரவில்லை.

எனக்கு ஒரு மாதம்தான் மிச்சம். தேதி நெருங்க நெருங்க மேகலாவின் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிப்பதை விட்டாள். ரத்தம் பார்க்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை நானா ஜும்மாவுக்குப் போய்விடுவார். "ரெண்டு சட்டியும் உங்க கையில தங்கச்சி. தொழுதுட்டு ஓடி வாறேன்" என்று தொப்பியை வைத்துக்கொண்டு போனார். பெரிய சட்டியில் எல்லாருக்கும் மாசி போட்ட சம்பல். சின்னச் சட்டியில், இலை வரைந்ததில், மாசி இல்லாத சம்பல். எத்தனையோ வெள்ளிக்கிழமை செய்ததுதான். ஆனால் அன்றைக்குக் கொழும்பிலிருந்து தொழிற்சாலையைப் பார்க்க இரண்டு பெரியவர்கள் வந்திருந்தார்கள். மிஸ் அவர்களை நேராக என் குசினிக்கே கூட்டிவந்துவிட்டார். "இவதான் எங்கடை காளியம்மா. பாணையும் சீஸையும் ஒழிச்சவ."

பிறகு கேட்க வேண்டுமா? நான் கௌப்பியில் தொடங்கினேன், குரக்கனுக்குப் போனேன், எள்ளுக்கு வந்தேன். ஒரு கையால் பெரிய சட்டியைப் பிசைகிறேன், மறு கையால் நாட்டியம் ஆடுகிறேன். அவர்கள் "ஆ, ஆ" என்கிறார்கள். அவர்கள் போய் மேசையில் உட்கார்ந்தார்கள், மணி அடித்தது, பரிமாறத் தொடங்கினேன். முதல் தட்டு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது மேகலா. அந்த நேரம் பெரியவர்களில் ஒருவர் தன் தட்டைத் தூக்கிக் காட்டி, "மிகவும் நன்று!" என்றார்.

பெருமை. கை மூக்குத்திக்குப் போனது.

மாசி வாசம்.

என் விரல் மூக்கிலேயே நின்றுவிட்டது. சின்னச் சட்டியைக் குனிந்து பார்த்தேன். தேங்காய்ப்பூவுக்கு நடுவில் பழுப்பாகத் துகள். பேசிக்கொண்டே, மணமகளுக்குப் பொட்டு வைப்பதுபோல, சின்னச் சட்டிக்கும் ஒரு சிட்டிகை தூவியிருக்கிறேன். யாரும் தள்ளிவிடவில்லை, யாரும் மாற்றி வைக்கவில்லை. இந்தக் கைதான்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். ஒரு மூச்சு நேரம் யோசித்தேன். மிளகாய் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, ஒரு சிட்டிகை யாருக்குத் தெரியும்? பெரியவர்கள் இருக்கிறார்கள், மிஸ் சிரித்துக்கொண்டிருக்கிறார். சொன்னால் மேகலா இனி இந்தப் பானைப் பக்கம் வருவாளா? ஒரு வாரத்தில் ரத்தம் பார்க்க வேண்டும், அவள் மறுபடி பாணுக்குப் போனால் எல்லாம் போச்சு. சொல்லாமல் விட்டால் அவளுடைய வேலை தப்பும். இவ்வளவும் ஒரே மூச்சில். அதற்குள் அவள் மேசையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துவிட்டாள்.

"மேகலா! வாயில வைக்காத! யாரும் வாயில வைக்காதீங்க!"

முந்நூறு வாயும் நின்றது. நான் சொன்னது மரக்கறிக்காரருக்கு, கேட்டது எல்லாருக்கும். முன் மேசையில் ஒருத்தி "பல்லியா?" என்று வீரிட்டாள். இரண்டாம் மேசைக்குப் போகும்போது பல்லி இரண்டாயிற்று. கடைசி மேசையில் அது பாம்பு. யாரோ கதிரையில் ஏறினார்கள், யாரோ ஓடினார்கள். குசும் வாயில் இருந்ததைத் தட்டில் துப்பிவிட்டுத் தொண்டைக்குள் விரல் விடப் பார்த்தாள். வாசலில் நின்ற காவற்காரர் தடியோடு ஓடிவந்து எதை அடிப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொழும்புப் பெரியவர்கள் கரண்டியை வாய்க்கு முன்னால் பிடித்தபடி சிலையாகிவிட்டார்கள்.

"ஒருத்தரும் சாப்பிடாதேங்கோ!" என்று மிஸ் கத்தினார். "அம்புலன்சுக்கு அடியுங்கோ!"

கரண்டியோடு பக்கத்து மேசையடி வாங்குப் பலகையில் ஏறினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"பல்லி இல்ல! பாம்பு இல்ல! மாசி! மரக்கறிச் சம்பல்ல மாசி! போட்டது நான்தான்!"

குசும் எழும்பி நின்றாள்.

"மாசியா? அனே அக்கே, மாசிக்கா இந்தச் சத்தம்? நான் எறச்சித் துண்டு எல்லாம் துப்பிட்டேனே!"

கன்டீன் கூரை பறந்தது. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. காவற்காரர் தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். குசும் வந்து சின்னச் சட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "குடுங்க இங்க. பாவம் சம்பல், அது என்ன குற்றம் செஞ்சுது?" என்று தன் மேசைக்குக் கொண்டுபோனாள்.

மரக்கறிக்காரர் எல்லாரும் குசினிக்குள் வந்துவிட்டார்கள். ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி வெங்காயம் வெட்ட, மிஸ் வல்லாரையை அரியப்போய் விரலை அரிய, பத்து நிமிஷத்தில் வல்லாரைச் சம்பல் தயார். எனக்கு மாசிச் சட்டியின் பக்கமே போக வேண்டாம் என்று தடை. ஆனால் மேகலா மட்டும் வரவில்லை. வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு வாய் முழுங்கிட்டேன் காளிம்மா."

பைப்படியில் வாய் கொப்பளித்துவிட்டு வெறும் வயிற்றோடு மெசினுக்குப் போனாள். அவளுடைய தட்டு நிறைந்தபடி திரும்பி வந்தது. நானா சொன்ன மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நானா வந்ததும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "எல்லாருக்கும் கேக்கச் சொன்னீங்களா?"

"மடவளைக்கே கேட்டிருக்கும் நானா."

"அப்ப உங்கட வேலை முடிஞ்சிது. மிச்சம் அந்தப் புள்ளட வேலை."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் மணி அடித்தது. பத்துப் பேரும் வரிசையில் நிற்கிறார்கள். மேகலா அந்தப் பக்கம் பாண் வைத்திருக்கும் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். பாணைப் பார்க்கிறாள். சீஸைப் பார்க்கிறாள். கடைசியில் வெறும் தட்டோடு என்னிடம் வந்தாள்.

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். குனிந்து மோந்தாள். ஒவ்வொரு விரலாக மோந்தாள். முழு வரிசையும் எட்டிப் பார்க்கிறது.

"சவர்க்காரம்" என்றாள். "மத்தக் கை?"

அதையும் நீட்டினேன்.

"எலுமிச்சங்கா. கறிவேப்பிலை." தட்டை நீட்டினாள். "ரெண்டு அகப்பை போடுங்க. வெள்ளிக்கிழமை சாப்பாட்டையும் சேத்து."

"சாமிக்கு என்னாடி சொன்னே?"

"தெரியாம போட்டுட்டாங்க, ஆனா வாங்கு மேல ஏறிச் சொன்னாங்கன்னு சொன்னேன். அம்மனும் சிரிச்சிருக்கும்."

வரிசையில் நின்ற பத்துப் பேரும் விட்டார்களா? ஒவ்வொருத்தியும் மோந்தாள். மிஸ்ஸும் வந்து, "எனக்கும் காட்டுங்கோ" என்றார். முதல் நாள் எனக்குச் சுட்டது. இத்தனை வருஷச் சமையற்காரி கையை மோந்து பார்ப்பதா? புதன்கிழமைக்குள் கேட்காமலே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளை மாதிரி. உங்களுக்கும் மூன்று நாளில் பழகிவிடும்.

வெள்ளிக்கிழமை ரத்தம் பார்த்தார்கள். நான் மருந்தறைக்குப் போகவில்லை. போகத் தைரியம் இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன். படியில் தடதடவென்று சத்தம். மிஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். அவருக்கு முன்னால் மேகலா, இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு.

"பதினொண்டரை!" என்று மிஸ் மூச்சு வாங்கக் கத்தினார். "காளியம்மா, பதினொண்டரை! மெசின் அவளுக்குத்தான்!"

ஜும்மாவுக்குப் புறப்பட்ட நானா தொப்பியைக் கீழே வைத்துவிட்டு அண்டா மூடியில் தாளம் போட்டார். நான் வெங்காயத்தால்தான் அழுதேன் என்று சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. மேகலா என் வலது கையைப் பிடித்து அவளே என் மூக்குத்தியில் வைத்தாள். "திருகுங்க, இன்னைக்கு எவ்வளவு வேணும்னாலும் திருகுங்க" என்றாள்.

அடுத்த வாரம் குசும் தட்டோடு மரக்கறி வரிசையில் வந்து நின்றாள். "எனக்கும் அந்த இரும்புச் சாப்பாடு" என்றாள். போட்டேன். மேசைக்குப் போனதும் இடுப்பிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். உள்ளே மாசித்தூள். சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் தட்டில் தூவிக்கொண்டாள். என்னைக் கண்டதும் கண்ணடித்தாள்.

பிள்ளைகளே, மரக்கறிச் சமையலில் உப்பு கூடலாம், கௌப்பி கூடலாம், நாலு நாளில் எல்லாம் மறந்துபோகும். அந்தப் பானைக்கு வருகிறவள் ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வருகிறாள். சில பேருடையது சாமிக்குச் சொன்னது, சில பேருடையது தங்களுக்கே சொன்னது. அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிச் சாப்பிடுகிறாள். தவறினால் உடனே, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள். வாங்கு அதே இடத்தில்தான் இருக்கிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டால் நானே பஸ் ஏறி வருவேன்.

என் வீட்டுத் தூணைப் பிடித்துச் சிரித்தவள் மேகலா. மூன்றாம் லைனின் சூப்பர்வைசர் இப்போது அவள்தான். உங்கள் கையை முதலில் மோந்து பார்ப்பதும் அவளாகத்தான் இருக்கும். கோபிக்காமல் நீட்டுங்கள்.

இவ்வளவும் நான் சொல்ல, என் பேத்தி எழுதினாள். "ஒருக்கா வாசிச்சுக் காட்டு கண்ணு. மாசி போட்ட எடத்த விட்டுறாத" என்றேன்.

தாளை எடுத்தாள்.

"இரு. முதல்ல கையை நீட்டு."

தயங்கித் தயங்கி நீட்டினாள். மோந்தேன். சீஸ்.

"ஒரே ஒரு துண்டுதான் அப்பாயி!"

"கீரை சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"கடலை?"

"ரெண்டு கரண்டி."

"கொய்யா?"

"பாதி."

"அப்ப சரி. ஒரு துண்டு சீஸ்ல ஒண்ணும் குடி முழுகாது. வாசி. சத்தமா வாசி. வேணும்னா அந்த வாங்கு மேல ஏறி நில்லு."